போகாத ஊரில் ஒரு கடை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதக் கூட்டம் கலைந்தபின் நம் சங்கத்து இளைஞர் இருவர் எம்மை வாயிலில் மறித்து ஒரு கேள்வி கேட்டனர். "ஐயா, நாங்கள் ஒரு கடை திறக்கப் போகிறோம். எந்த இடத்தில் திறந்தால் நல்லது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றனர். யாம் கடைக்காரர் வீட்டிற் பிறந்து, கடைக் கணக்கிலேயே காலத்தைக் கழித்தவர். ஆதலால் மிகுந்த மகிழ்ச்சியுடன், "பெரிய கடைவீதியிலா, ஸ்ரேசன் வீதியிலா?" என வினவினோம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். அவர்கள் கடை திறக்க எண்ணிய ஊருக்குப் பஸ் இல்லை, ரெயில் இல்லை. மிதித்து நிற்க மண்ணும் இல்லை. அது கணினித் திரைக்குள்ளே இருக்கும் ஊர். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "போகாத ஊருக்கு வழி கேட்கிறார்கள்" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்று யாமும் சிரித்தோம். ஆயினும், அவ்விருவரும் வைத்திருக்கும் பணம் விளையாட்டுப் பணம் அன்று. ஒருவர் இரண்டாண்டுகள் மாலை வகுப்பு நடத்திச் சேர்த்தது. மற்றவருடையதிற் பாதி, தாயார் சீட்டு எடுத்துக் கொடுத்தது. அப்பணம் எங்கே போகப்போகிறது என்பதை அறியாமற் சிரித்துவிட்டு வீடு செல்லுதல் தகாது எனத் தோன்றிற்று. ஆகவே ஒரு மாதகாலம் அவ்வூரைப் பற்றி வாசித்தும், அவர்களுடன் அமர்ந்து திரையிற் பார்த்தும் சில காரியங்களை அறிந்துகொண்டோம். அவற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றோம். முதியவர்களுக்கு இது புதுக்கதையாகவும், இளையவர்களுக்குப் பழங்கதையாகவும் இருக்கும். இரு சாராரும் பொறுத்தருள்க.

அவ்வூரின் பெயர் 'செக்கண்ட் லைஃப்'. இரண்டாம் வாழ்வு என்பது பொருள். யாமும் அவ்வாறே அழைப்போம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிலிப் றோஸ்டேல் என்பார் 1999ஆம் ஆண்டில் தொடங்கிய லின்டன் லாப் என்னுங் கம்பனி இதனை ஆக்கி, 2003 ஜூன் மாதத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது. அங்கே செல்பவர் ஒவ்வொருவரும் ஓர் உருவைத் தரித்துக்கொள்கின்றனர். அவ்வுருவுக்கு 'அவட்டார்' என்று பெயர். நம்முடைய அவதாரம் என்ற சொல்லே கடல் கடந்து சென்று, உச்சரிப்பைச் சற்றுத் தொலைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. அவ்வுருக்கள் நடக்கும், பேசும், ஆடும், வேண்டியபோது பறக்கும்.

இதனை விளையாட்டு என்றும் சொல்ல இயலாது. வெல்லவோ தோற்கவோ அங்கு ஒன்றுமில்லை. கம்பனி கொடுப்பது நிலமும் நீரும் வானமுமே. வீடு, உடை, கூந்தல், கதிரை, மேசை, மரஞ்செடி ஆகிய மற்றெல்லாம் குடிகள் தாமே ஆக்கித் தமக்குள் விற்பனை செய்பவை. ஆக்கியவனுக்கே அவ்வாக்கத்தின் உரிமை உண்டு எனக் கம்பனி 2003 நவம்பரில் ஒப்புக்கொண்டது. அதன்பின்னரே வியாபாரம் வேரூன்றிற்று. அங்கே வழங்கும் நாணயம் லின்டன் டொலர். ஏறத்தாழ 250 லின்டன் டொலர் ஓர் அமெரிக்க டொலருக்குச் சமம். அதனை மெய்ப்பணமாக மாற்றி எடுக்கவும் வழியுண்டு. பசியும் குளிரும் அறியாத உருவுக்கு உடை எதற்கு, வீடு எதற்கு என்று பெரியோர் கேட்கலாம். யாமும் கேட்டோம். "நாலுபேர் பார்க்கும் இடத்துக்குப் போகும்போது நல்ல உடுப்புப் போட வேண்டாமா?" என்று அவ்விளைஞர் திருப்பிக் கேட்டனர். நாமும் அதற்காகத்தானே வேட்டிக்குச் சலவை போடுகின்றோம்!

நம் இளைஞர் ஆக்குவன சேலை, குத்துவிளக்கு, ஊஞ்சல், திண்ணையும் நடுமுற்றமும் உள்ள வீடு ஆகியவை. திரையில் அந்த வீட்டைக் கண்டபோது எமக்கு எம் பாட்டனார் வீடு நினைவுக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சரக்கிற் குறையில்லை. இடந்தான் கேள்வி.

இனி, இடத்துக்கு வருவோம். இரண்டாம் வாழ்வின் நிலம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வட்டாரம் 256 மீற்றர் நீளம், 256 மீற்றர் அகலம். நம் கணக்கில் 16 ஏக்கருக்குச் சற்று மேல். அதனைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடிகள் கொள்கின்றனர். பலர் கொள்ளும் சிறு துண்டு 512 சதுர மீற்றர். அதாவது 20 பேர்ச்சஸ், யாழ்ப்பாணத்துக் கணக்கில் இரண்டு பரப்பு. கம்பனியின் சந்தா அங்கத்தவருக்கு 1,024 சதுர மீற்றர் வரையில் மாதக் கட்டணமின்றி வைத்திருக்கலாமென 2018இல் விதி செய்யப்பட்டது. அதற்கு மேற்பட்டால் மாதந்தோறும் கட்டணம். இது ஒரு பெருநிலப்பகுதி. இதற்குப் புறம்பாகத் தனியார் தீவுகள் உள. அவற்றின் வாடகை வேறு, விதி வேறு. வாசத்துக்கென்றே அமைத்துக் கொடுக்கும் வீட்டுப் பகுதிகளும் உள. அங்கே வியாபாரம் ஆகாது.

இவ்விளைஞர் கண்வைத்திருந்தது, பெருநிலப்பகுதியில் ஒரு நடனக் கூடத்துக்கு அடுத்த காணி. "அங்கே எப்பொழுதும் ஆட்கள் நிற்பார்கள், ஐயா. அத்தனை பேரும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்" என்றனர். விலை அதிகம். கையிலுள்ள பணம் அனேகமாக முழுவதும் அதற்கே சரியாகிவிடும். இது கேட்டவுடன் எமக்கு எம் தந்தையாரின் கடை ஞாபகம் வந்தது.

எம் தந்தையார் ஒரு பஸ் நிலையத்துக்கு நேரெதிரே தேநீரும் பலசரக்கும் விற்றார். ஊரின் பெயர் வேண்டாம். அவ்விடத்தைப் பிடிப்பதற்கு அவர் கொடுத்த முற்பணத்தைக் கேட்டு உறவினர் வாயடைத்துப் போயினர். ஆனால் கடை நடந்தது. விடியற்காலை முதல் பஸ் முதல் இரவுக் கடைசி பஸ் வரையில் வாசலில் ஆள் குறையாது. ஒருநாள் நிலையத்தைக் கால் மைல் தள்ளி வேறிடத்துக்கு மாற்றுவதென முடிவாயிற்று. எம் தந்தையாரை எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் எவர்க்கும் இருக்கவில்லை. மூன்று மாதத்தில் தேநீர் வியாபாரம் படுத்துவிட்டது. பலசரக்கும் அவ்வாறே. ஒன்றுமட்டும் நின்றது. வீட்டிலே அம்மா மல்லி சேர்த்து வறுத்து இடித்துக் கொடுத்த கோப்பித்தூளை வாங்குகிறவர்கள், புதிய நிலையத்தில் இறங்கிக் கால் மைல் நடந்து வந்தார்கள். அப்பா அதனைக் கண்டும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. நிலையம் திரும்பி வரும், மனுக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே ஏழாண்டு அதே வாசலில் இருந்தார்.

இதனை ஏன் சொல்கின்றோம் எனில், இரண்டாம் வாழ்விலும் இதே காரியம் நடந்திருக்கிறது. அதுவும் ஓர் ஊரில் அன்று, பெருநிலப்பகுதி முழுவதும். அவ்வுலகத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒருவர் நினைத்த இடத்துக்கு நேரே போய்ச் சேர முடியாது. ஓரிடத்துக்குப் போக வேண்டுமாயின், அதற்கு மிக அண்மையிலுள்ள 'டெலிஹப்' என்னும் இறங்குதுறையில் முதலில் வந்து தோன்ற வேண்டும். அங்கிருந்து மிகுதித் தூரத்தைப் பறந்து கடக்க வேண்டும். ஆகவே எல்லோரும் எப்பொழுதாவது அத்துறைகளில் இறங்கியே தீர்வர். இதனைக் கண்ட வியாபாரிகள் துறையைச் சூழ்ந்த காணிகளைப் பெருவிலை கொடுத்து வாங்கிக் கடைத்தொகுதிகளை அடுக்கினர். 2005 டிசெம்பரில் கம்பனி ஒரு மாற்றஞ் செய்தது. இனி எவரும் எவ்விடத்துக்கும் நேரே போகலாம், இறங்குதுறை வேண்டியதில்லை. பிரயாணஞ் செய்வோருக்கு அது பேருபகாரம். துறையோரத்துக் கடைக்காரனுக்கோ, வாசல் அங்கேயே இருக்க, வீதி மாத்திரம் ஒரே நாளில் எடுபட்டுப் போயிற்று.

அன்பர்களே, நம் நாட்டில் ஒரு பஸ் நிலையத்தை மாற்றினாலும் பழைய வீதி கிடக்கும். ஒரு பள்ளிக்கூடமோ வைத்தியசாலையோ அயலில் இருக்கும். சிறிது காலத்தில் வேறொரு கூட்டம் வந்து சேரலாம். அங்கே அப்படியன்று. நினைத்த மாத்திரத்தில் நினைத்த வாசலில் தோன்றுகிறவன் எந்த வாசலையும் தாண்டிப் போவதில்லை. நடனக் கூடத்துக்கு வருகிறவன் நடனக் கூடத்தினுள்ளேயே வந்து தோன்றுகிறான். ஆட்டம் முடிந்ததும் அங்கிருந்தே மறைகிறான். அடுத்த காணியில் ஊஞ்சல் இருப்பது அவனுக்கு எவ்வாறு தெரியும்? "அத்தனை பேரும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்" என்று நம் இளைஞர் சொன்னது 2005ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நியாயம். அந்நியாயத்தைக் கேட்டே விலை சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அயலிற் கூட்டம் கூடுவது உதவாததோடு உபத்திரவமுமாகலாம். ஒரு வட்டாரம் முழுவதற்கும் சேர்த்துத்தான் கம்பனியின் கணினி வேலை செய்கிறது. பெருநிலப்பகுதியில் ஒரு வட்டாரத்தில் ஒரே வேளையில் 40 பேரளவில் நிற்கலாம் என்பது நெடுங்காலம் இருந்துவரும் அளவு. நடனக் கூடத்தில் ஆட்டம் உச்சமடையும் நேரத்தில் வட்டாரம் நிரம்பிவிட்டால், ஊஞ்சல் வாங்க வருகிற ஒருவன் உள்ளே வரவும் முடியாது. வந்தாலும் சேற்றில் நடப்பதுபோல் அடியெடுத்து வைக்க வேண்டும். கூட்டத்தை நம்பிக் காணி வாங்கியவன், அக்கூட்டத்தினாலேயே வாசல் அடைபட்டு நிற்பான்.

கூட்டத்தைக் கூலி கொடுத்துக் கூட்டியோரும் உளர். ஓரிடத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதைக் கொண்டு கம்பனி ஓர் எண்ணிக்கை கணித்தது. தேடுவோருக்கு அவ்வெண்ணிக்கை மிகுந்த இடங்களே முன்னே காட்டப்பட்டன. உடனே கடைக்காரர் சிலர் வாசலில் கதிரைகளைப் போட்டு, சும்மா உட்கார்ந்திருப்போருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓரிரு லின்டன் டொலர் கொடுத்தனர். ஒரு மணிநேரம் உட்கார்ந்தாலும் ஐந்து அமெரிக்க சதம் தேறாது. அதற்கும் ஆட்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தனர். கணினிக்கு முன்னே மெய்யான மனிதன் உறங்கிக்கொண்டிருப்பான், உரு மாத்திரம் கடைவாசலில் வீற்றிருக்கும். பின்னர் மனிதனும் வேண்டாமென்று, தானே இயங்கும் பொம்மை உருக்களை நிறுத்தினர். எண்ணிக்கையைப் பெருக்குவதற்காக அவற்றை நிறுத்தலாகாது எனக் கம்பனி 2009இல் விதித்தது. இதைப் படித்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. விலைபேசுவதுபோல் நடிப்பதற்கு ஆள் வைத்த கடைகளை நாமும் அறிவோமல்லவா?

நிற்க. வாசலைப் பற்றி இவ்வளவு பேசினோம். அதனினும் பெரிய காரியம் அந்நிலம் யாருடையது என்பது. நம் காணிக்கு உறுதி உண்டு, நொத்தாரிசு உண்டு, எல்லைக்கல் உண்டு. அங்கே 'காணி வாங்கினேன்' என்று சொன்னாலும், வாங்கியது பயன்படுத்தும் அனுமதியையே. கம்பனியின் நிபந்தனைப் பத்திரமும் அவ்வாறே கூறுகிறது. பெனிசில்வேனியா மாநிலத்து வழக்கறிஞர் மார்க் பிராக் என்பவர் 2006இல் ஏலத்தின் மூலம் அங்கே காணி பெற்றார். அவர் பெற்ற வழி முறையானதன்று எனக் கூறிக் கம்பனி அவர் கணக்கை மூடியது. காணிகளும் பணமும் கணக்கோடு போயின. அவர் வழக்காடினார். பிணக்குகளை மத்தியஸ்தரிடமே கொண்டுபோக வேண்டுமெனக் கம்பனி எழுதிவைத்திருந்த விதி செல்லாதென 2007இல் நீதிபதி தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் வழக்கு சமாதானமாக முடிந்தது. காணி யாருடையது என்ற மூலக் கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை பிறக்கவேயில்லை. சட்டம் படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் இவ்வழக்கை எடுத்து வாசிக்க வேண்டும்.

வாடகையும் அவ்வாறே. ஒரு முழுத்தீவுக்கு மாதம் 195 டொலராக இருந்தது. 2006 நவம்பரிற் புதிதாக வாங்குவோருக்கு 295 ஆயிற்று. 2018இல் 249க்கும் 2019இல் 229க்கும் இறங்கிற்று. 2008 ஒக்டோபரில், குறைந்த தரத்துத் தீவுகளின் மாதக் கட்டணத்தை 75இலிருந்து 125 டொலராக உயர்த்தப் போவதாகக் கம்பனி அறிவித்தபோது குடிகள் பெருங்கூக்குரல் எழுப்பினர். கம்பனியும் சற்று இறங்கிவந்து, உயர்வைப் படிப்படியாக்கியது. ஏறினும் இறங்கினும் அது கம்பனியின் சித்தம். கம்பனியைத் தீயது என்று யாம் சொல்ல வரவில்லை. அது தன் காணியைத் தான் ஆள்கிறது. குடியிருப்பவன் அதை மறந்துவிடலாகாது.

அவ்வுலகத்தில் நிலத்தாற் பொருளீட்டியோர் ஒருவரும் இல்லையோ எனில், உளர். சீனாவிற் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த ஐலின் கிராஃப் என்னும் பெண்மணி, ஆன்ஷி சுங் என்ற உருவோடு அங்கே காணி வியாபாரஞ் செய்தார். 2006 மே மாதத்தில் 'பிஸ்னஸ் வீக்' சஞ்சிகை அவ்வுருவை அட்டையில் வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் தம் சொத்து பத்து இலட்சம் அமெரிக்க டொலரைக் கடந்துவிட்டதாக அவர் அறிவித்தார். அவர் செய்ததை உற்று நோக்குங்கள். வட்டாரத்தை முழுதாகக் கொண்டு, இங்கே இன்னவகை வீடு, அங்கே கடை, இவ்வளவுக்கு மேல் உயரம் கூடாது என்று ஒழுங்கு செய்து வாடகைக்கு விட்டார். பெருநிலப்பகுதியில் அவ்வொழுங்கு இல்லை. 16 சதுர மீற்றர், அதாவது ஒரு மாட்டுத்தொழுவமும் கொள்ளாத துண்டை வாங்கி, அதிலே கண்கூசும் விளம்பரத் தூணை நட்டு, அயலவன் தாங்கமாட்டாமற் பெருவிலைக்கு வாங்கிக்கொள்ளும்வரை காத்திருந்தோர் பலர். 2008இற் கம்பனி அதனைக் கண்டிக்க முற்பட்டது. ஆக, சுங் அம்மையார் விற்றது மண்ணையன்று, நல்ல அயலை. அதற்குக் குடிகள் மனமுவந்து காசு கொடுத்தனர்.

மறுபுறம், பேரும் பணமும் படைத்தோர் தோற்றதும் உண்டு. அமெரிக்கன் அப்பரல் என்னும் உடை வியாபாரக் கம்பனி 2006இல் தனக்கெனத் தீவு வாங்கி அழகான கடை கட்டிற்று. வெளியுலகில் எத்தனையோ கடைகள் நடத்திய கம்பனி அது. அடுத்த ஆண்டே மூடிவிட்டது. அக்காலத்தில் அவ்வாறு வந்த பெருங்கம்பனிகளின் தீவுகள் பல ஆளரவமற்றுக் கிடந்ததைப் பத்திரிகைகள் எழுதின. தனித்தீவில் அயலவன் இல்லை. கடையில் நின்று "வாருங்கள்" என்று சொல்ல ஆள் இல்லை. ஒருமுறை வேடிக்கை பார்த்தவனுக்கு மறுமுறை வரக் காரணமும் இல்லை.

இவற்றையெல்லாம் கேட்டபின், "அப்படியானால் நிலமே வேண்டாம், பட்டியலில் விற்றுவிடுகிறோம்" என்றார் இளைஞரில் இளையவர். அதற்கும் வழியுண்டு. குடிகள் நடத்திவந்த இணையப் பட்டியற் சந்தையொன்றைக் கம்பனி 2009இல் வாங்கி, 2010இல் தன் பெயரால் 'மார்க்கெட் பிளேஸ்' என நடத்தத் தொடங்கியது. கடைக்குப் போகாமலே படத்தைப் பார்த்துப் பணத்தைக் கட்டினாற் பொருள் கைக்கு வந்துவிடும். சேலைக்கு இது போதும் என்பதே எமது அபிப்பிராயம். படத்தைப் பார்த்துச் சேலை எடுக்க இன்று நம் வீட்டுப் பெண்களே பழகிவிட்டனர்.

வீடு அவ்வாறன்று. திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முற்றத்தில் நின்று அண்ணாந்து வானத்தைப் பார்க்க வேண்டும். படலையைத் திறந்து உள்ளே நடக்க வேண்டும். படத்தில் அந்த நடுமுற்றம் ஒரு கறுத்த சதுரமாகவே தெரிகிறது. ஆகவே வீட்டுக்கு நிலம் வேண்டும். நிலத்துக்கு ஒரு கொள்ளளவும் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வட்டாரமும் இத்தனை பொருட்களைத்தான் தாங்கும் என்று கணக்கு இருக்கிறது. பெருநிலப்பகுதியில் அது 15,000. 2016இல் 22,500 ஆக உயர்ந்தது. 1,024 சதுர மீற்றர்க் காணிக்கு அதன்படி 350 அளவே வரும். நம் இளைஞரின் வீடு ஒன்றே அதில் மூன்றிலொரு பங்கை விழுங்கிவிடுகிறது. தூண்களைக் கடைந்தெடுத்தாற்போல் அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். எனவே காணியின் அகலத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவன், சரக்கை உள்ளே வைக்கும்போது திகைப்பான்.

இடையிலே ஒன்று. இத்தவறு பழைய உலகத்தோடு முடிந்துவிடவில்லை. டிசென்ட்ராலாண்ட் என்னும் வேறோர் உலகம் 2020இல் திறக்கப்பட்டது. 2021 நவம்பரில் அங்கே ஆடைக்கடை வீதிக்கென 116 துண்டுக் காணி சுமார் 24 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. அடுத்த மாதத்தில், சாண்ட்பொக்ஸ் என்ற இன்னோர் உலகத்தில், ஸ்னூப் டோக் என்னும் பாடகரின் அயலில் இருப்பதற்காக ஒருவர் நாலரை இலட்சம் டொலர் கொடுத்தார். 2022இல் இவ்வகைக் காணிகளின் விலை பெருவீழ்ச்சி கண்டது. இறங்குதுறைக் கதை நடந்து பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

சரி, இளைஞருக்கு யாம் என்ன சொன்னோம்? நடனக் கூடத்துக் காணியை விட்டுவிடுங்கள் என்றோம். வீடும் தளபாடமும் தோட்டப் பொருளும் விற்போர் சேர்ந்திருக்கும் வட்டாரமொன்றைத் தேடி, அங்கே வாரவாடகைக்கு ஒரு சிறு இடம் எடுங்கள். வீடு தேடி வந்தவன் ஒரு கடையில் மனம் நிறையாவிட்டால் அடுத்த கடைக்கு நடப்பான், அந்த நடையே அங்கே மிஞ்சியிருக்கும் வீதி என்றோம். நகைக்கடைகள் ஏன் ஒரே தெருவில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன என்பதைச் செட்டித்தெருவுக்குப் போனவர் அறிவர். வாடகைக்கு விடுகிறவர் யார், எத்தனை ஆண்டாக அவ்விடத்தை நடத்துகிறார், அவர் மூடிப் போனால் எத்தனை நாள் முன்னறிவித்தல் தருவார் என்பதைப் பணங்கட்டுமுன் கேளுங்கள். அங்குள்ள மற்றைக் கடைக்காரரிடமும் கேளுங்கள் என்றோம். மாதந்தோறும் படைப்பாளர் ஒன்றுகூடி நடத்தும் சந்தைகள் அங்கே உண்டு. நம் தேர்த்திருவிழாக் கடைகளைப்போல், சில நாட்களில் மற்றைய மாதம் முழுவதன் வியாபாரமும் ஆகிவிடுமாம். அதில் இடங்கிடைப்பது எளிதன்று. பெயர் தெரிந்தவர்களையே அழைக்கிறார்கள். ஆகவே முதலிற் பெயர். வாங்கியவர் மறுமுறை தேடி வருவதற்கு வாசலின் முகவரியை அவர் கையிற் கொடுத்தனுப்புங்கள். அதற்கு அங்கே வசதி இருக்கிறது. கால் மைல் நடந்து வந்தவர்கள் வாங்கியது கோப்பித்தூள் என்பதையும் சொன்னோம்.

இளையவர் ஒப்புக்கொண்டார். மூத்தவர் ஒப்பவில்லை. "ஐயா, நீங்கள் சொல்வது சரியாயிருக்கலாம். ஆனால் வாடகை இடம் என்றால் நாளைக்கு எழும்பென்றால் எழும்ப வேண்டும். சொந்தக் காணி என்றால் ஒரு நிம்மதி" என்றார். இது நம் மண்ணின் பேச்சு. தலைமுறை தலைமுறையாக நம்மவர் சொல்லிவந்த பேச்சை அவர் சொல்லும்போது அதனைப் பழிக்க எமக்கு வாய் வரவில்லை. சொந்தம் என்ற அச்சொல்லுக்கு அங்கே இருக்கும் பொருள் வேறு என்று மட்டும் மறுபடி எடுத்துச் சொன்னோம். அவர் தலையசைத்தார், மனம் அசைந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே ஒரு பரீட்சை வைத்தோம். பணங்கட்டுமுன் ஒரு வாரம் அக்காணிக்கு அருகே உன் உருவைக் கொண்டுபோய் நிறுத்து; யார் வருகிறார், எங்கே போகிறார் என்று ஒரு கொப்பியில் எழுது என்றோம். அவ்வுலகத்துக் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரையின் நேரத்தைக் காட்டுகிறது. அங்கே மாலை 6 மணி எனில் இங்கே மறுநாட் காலை 6.30 அல்லது 7.30. இதனால், பரீட்சைக்குப் படிக்கவும் எழும்பாத பிள்ளை விடிய எழும்பிக் கணினிக்கு முன் இருக்கிறானே என்று தாயார் அதிசயித்தாராம்.

நேற்றுவரை நான்கு நாள் எழுதியிருக்கிறார். கொப்பியை எமக்குக் காட்டினார். நடனக் கூடத்தினுள் தோன்றி அங்கேயே மறைந்தோர் 63 பேர். காணிக்கு மேலாகப் பறந்து சென்றோர் 5 பேர். இறங்கி நின்றவர் ஒருவர். அவர் வழிதவறியவர். நம் இளைஞர் பரீட்சைக்கென்று தம் பையிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டிருந்த ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்து, வெகுநேரம் ஆடினாராம். போகும்போது, இதனை எங்கே வாங்கலாம் என்று கேட்டாராம்.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இளைஞர் இருவரும் இச்சபையிலேயே அமர்ந்திருக்கின்றனர். கூட்டம் முடிந்தபின் அவ்வீட்டைப் பெரியோர் திரையிற் பார்க்கலாம். கணினியை வாசகசாலை மேசையில் வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் குடையை விரித்துக்கொண்டு நடந்த பெரியவர் ஏற்கெனவே அங்கே போய், திண்ணைத் தூண் ஒன்றின் அளவு பிழை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.